ஆலைச் சுவருக்கு வெளியே

1959 ஜனவரி 25ஆம் தேதி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கால்கஷூ ஆற்றிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் மெக்சிகோ வளைகுடாவை நோக்கி இறங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய கப்பல். அதன் சரக்கறையில் ஐந்து அலுமினியத் தொட்டிகளை இறக்கி, சுற்றிலும் பால்சா மரத்தை அடைத்து, 'மீத்தேன் பயனியர்' என்று புதுப்பெயர் வைத்திருந்தார்கள். தொட்டிகளில் இருந்தது மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, அதாவது எல்.என்.ஜி. அந்தக் குளிரில் வாயுவின் பருமன் 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழாய் போட முடியாத கடலைத் தாண்டி வாயுவைக் கொண்டுபோக அதைவிட்டால் வேறு வழியில்லை. பிப்ரவரி 20 அன்று கப்பல் இங்கிலாந்தில் தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள கேன்வி தீவைச் சேர்ந்தது. கடல் கடந்து போன முதல் எல்.என்.ஜி. சரக்கு அதுதான்.

எரிவாயு வணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பயணத்தைத் தவறாமல் சொல்வார்கள். புறப்பட்ட கரையும் சேர்ந்த கரையும் எப்படிப்பட்டவை என்பதை அநேகமாக விட்டுவிடுவார்கள். கேன்வி தீவு கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்வான நிலம். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி அதன் கரைகளை உடைத்தபோது அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவே காலி செய்யப்பட்டது. மறுமுனையில், கால்கஷூ ஆறு கடலில் கலக்கும் கேமரன் ஊரை 1957 ஜூனில் ஆட்ரி புயல் அழித்திருந்தது. அது நடந்து கப்பல் புறப்படும்போது பத்தொன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஆக, உலகின் முதல் எல்.என்.ஜி. பயணமே கடல் விழுங்கிய ஓர் ஊரைக் கடந்து கடல் விழுங்கிய இன்னோர் ஊருக்குப் போனது.

யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. எரிவாயு பூமிக்கடியில் கிடைத்த இடம் அது. ஆழமான நீர்வழி இருந்த இடம் அது. இந்த யோசனையின் பிறப்பும் கடலோடு தொடர்புடையதல்ல, இறைச்சியோடு தொடர்புடையது. சிகாகோவின் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைச் சந்தையின் தலைவர் வில்லியம் வுட் பிரின்ஸ், லூசியானா வாயுவைத் திரவமாக்கி மிசிசிப்பி ஆற்றில் பார்ஜ் மூலம் சிகாகோவுக்கு ஏற்றிவர நினைத்தார். எரிபொருளும் கிடைக்கும், அந்தக் குளிரை வைத்து இறைச்சியையும் உறைய வைக்கலாம் என்பது கணக்கு. சிகாகோவுக்கு எதுவும் போகவில்லை. நிலக்கரிப் புகையில் திணறிக்கொண்டிருந்த பிரிட்டனின் எரிவாயுக் கவுன்சில் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நாளில் எல்லோரும் அஞ்சியது நெருப்புக்கு. 1944 அக்டோபரில் கிளீவ்லாந்து நகரில் எல்.என்.ஜி. தொட்டி ஒன்று பிளந்து, வழிந்த திரவம் சாக்கடைகளில் இறங்கித் தீப்பிடித்து 130 பேரைக் கொன்றிருந்தது. நிக்கல் குறைவான, குளிரில் நொறுங்கும் எஃகு அதற்கொரு காரணம். அதனால் பொறியாளர்களின் கவனமெல்லாம் உலோகத்தின் மீதும் கசிவின் மீதும் இருந்தது. காற்று பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் கப்பலேற்றிய கரைக்குக் காற்றின் வரலாறு நீளமானது.

1886 அக்டோபர் 12ஆம் தேதி, கால்கஷூவுக்கு மேற்கே சபைன் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்த சபைன் பாஸ் என்ற துறைமுக ஊரைப் புயல் ஒன்று ஏறக்குறைய முழுதாகத் துடைத்தது. ஆற்றின் லூசியானா பக்கம் ஜான்சன் பேயூ என்ற குடியிருப்பும் போயிற்று. டெக்சஸ் கரையில் கால்வெஸ்டனோடு போட்டி போடும் அளவுக்கு வளரும் என்று நம்பப்பட்ட இண்டியனோலா துறைமுகம் 1875இல் ஒருமுறை, அதே 1886இல் மறுமுறை அடிவாங்கியதும் மக்கள் ஊரையே கைவிட்டார்கள். 1900இல் கால்வெஸ்டன் மூழ்கிய கதை ஊரறிந்தது. அந்தத் தலைமுறை இந்தக் கரையிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது: பெரிய துறைமுகம் வேண்டுமானால் உள்ளே தள்ளிக் கட்டு. ஹியூஸ்டனும் லேக் சார்ல்ஸும் கடலிலிருந்து பல மைல் உள்ளே, தோண்டிய கால்வாய்களின் முனையில் வளர்ந்தவை. 1941இல் லேக் சார்ல்ஸிலிருந்து கால்கஷூ நீர்வழி நேராகக் கடலுக்கு வெட்டப்பட்டது. பின்னர் 40 அடிக்கு ஆழப்படுத்தப்பட்டது.

கால்வாய் கப்பலை உள்ளே கொண்டுவந்தது. கூடவே உப்புநீரையும் கொண்டுவந்தது. நன்னீரில் தழைத்த சதுப்புப் புல் உப்பேறிச் செத்தது. எண்ணெய்க் கம்பெனிகள் சதுப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய வாய்க்கால்கள், மிசிசிப்பியின் வண்டலைக் கரைகளுக்குள் கட்டிப்போட்ட கரையணைகள், தானாகத் தாழ்ந்துகொண்டே போகும் நிலம் என எல்லாம் சேர்ந்து 1930களிலிருந்து லூசியானா இழந்த கரைநிலம் சுமார் 2,000 சதுர மைல். புயல் வரும்போது கடலின் வேகத்தைக் குறைப்பது இந்தச் சதுப்புதான்.

இப்போது ஆட்ரிக்கு வருவோம். அதை விட்டுவிட்டு இந்தக் கரையைப் புரிந்துகொள்ள முடியாது.

கேமரன் அப்போது இறால் படகுகளும் மாட்டுப் பண்ணைகளும் மஸ்க்ராட் எலித்தோல் வேட்டையும் கொண்ட ஊர். சதுப்புக்கு நடுவே ஓக் மரங்கள் வளர்ந்த மணல்மேடுகள் உண்டு, செனியர் என்பார்கள். கடலிலிருந்து சில அடி உயரம்தான். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுவே மேட்டுநிலம். 1957 ஜூன் 26 மாலை, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மேடான பகுதிக்குப் போகவேண்டும் என்று வானிலை அலுவலகம் எச்சரித்தது. புயல் மறுநாள் பிற்பகல் வாக்கில் கரையேறும் என்பதே பலரும் புரிந்துகொண்ட கணக்கு. காலையில் கிளம்பினால் போதும் என்று படுத்தார்கள். சிலர் தாங்கள் இருப்பதே மேடான பகுதி என்று நினைத்து இருந்துவிட்டார்கள். இரவோடு இரவாகப் புயல் வேகமெடுத்தது. விடியும்போது கதவுக்கு வெளியே கடல் நின்றது. சுமார் 12 அடி உயர நீர் சதுப்பின் மேல் ஏறி 25 மைல்வரை உள்ளே போயிற்று.

இறந்தவர்கள் 400க்கும் மேல். அடையாளம் தெரியாத உடல்களை லேக் சார்ல்ஸில் ஒரே குழியில் புதைத்தார்கள். 1937இல் கட்டிய கான்கிரீட் நீதிமன்றக் கட்டடம் மட்டும் ஊர் நடுவே அசையாமல் நின்றது. அதற்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். முந்தைய நாள் சதுப்பிலிருந்து நண்டினத்துக் கிராஃபிஷ்கள் கூட்டமாக வெளியேறி மேட்டுக்கு ஏறியதைப் பார்த்ததாக ஊரில் பலர் சொன்னார்கள். வானிலை அலுவலகத்தைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்ற கசப்பு அந்தப் பேச்சில் உண்டு. எச்சரிக்கை தவறாக இருந்தது என்று மத்திய அரசின் மீது வழக்கும் தொடுத்தார்கள். 1963இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது.

அந்த அலுவலகத்தையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்ததே 1960 ஏப்ரலில்தான். கடலில் ஒரு புயல் இரவில் என்ன செய்கிறது என்பதை அறிய வழி மிகக் குறைவு.  ஆனால் ஆட்ரி ஒரு தலைமுறையின் மனதிலேயே பதிந்தது. 2005 செப்டம்பர் 24 அன்று ரீட்டா புயல் அதே கரையில் ஏறி ஹாலி பீச் என்ற கடற்கரை ஊரில் ஒரு வீட்டைக்கூட விடாமல் அழித்தபோது, அங்கே மக்கள் இல்லை. எல்லோரும் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள்.

எரிவாயு ஏற்றுமதி என்னவாயிற்று? மீத்தேன் பயனியர் சில சோதனைப் பயணங்கள் போய்வந்தது. அதற்குள் அல்ஜீரியாவில் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிரிட்டனுக்கு அது பக்கம். 1964 முதல் ஆர்ஸூ துறைமுகத்திலிருந்தே கேன்விக்குச் சரக்கு போயிற்று. லூசியானா ஒதுங்கியது. 1970களில் அமெரிக்காவுக்கே வாயு பற்றாக்குறை என்ற நிலை வர, திசையே திரும்பியது: அல்ஜீரிய வாயுவை வாங்கி இறக்க லேக் சார்ல்ஸில் ஒரு முனையம் கட்டினார்கள். 1982இல் முதல் சரக்கு வந்தது. விலைத் தகராறில் மறு ஆண்டே வாங்குவது நின்றது. முனையம் பல ஆண்டுகள் அநேகமாகச் சும்மா கிடந்தது.

இதற்கிடையே கேமரன் மீனால் பிழைத்தது. உரத்துக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பிடிக்கும் மென்ஹேடன் மீனால் 1980களில், எடைக் கணக்கில் நாட்டின் முதல் மீன்பிடித் துறைமுகமாகச் சில ஆண்டுகள் இருந்தது. இன்று அங்கே போகிறவருக்கு நம்புவது கடினம்.

2000க்குப் பிறகு மறுபடியும் இறக்குமதிக் கனவு. லெபனான் பின்னணி கொண்ட ஷரீஃப் சூகி, முன்பு உணவகங்கள் நடத்தியவர், ஷெனியர் எனர்ஜி நிறுவனத்தைக் கொண்டு சபைன் ஆற்றின் லூசியானா கரையில் ஒரு முனையம் தொடங்கினார். 1886இல் துடைக்கப்பட்ட சபைன் பாஸ் ஊருக்கு எதிர்க்கரை அது. 2005இல் வேலை ஆரம்பித்த சில மாதங்களில் ரீட்டா வந்தது. 2008 ஏப்ரலில் முனையம் திறந்தது. அந்த செப்டம்பரிலேயே ஐக் புயலின் நீர் கேமரன் பகுதியை மறுபடியும் மூழ்கடித்தது. இரண்டு புயலையும் கட்டுமானம் தாங்கிற்று. அதை வீழ்த்தப் பார்த்தது ஷேல் பாறை. பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் தொழில்நுட்பம் உள்நாட்டிலேயே வாயுவைக் கொட்ட, இறக்குமதி முனையத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. சூகி அதைத் தலைகீழாகத் திருப்பினார். அதே தொட்டிகள், அதே துறை, கூடுதலாகத் திரவமாக்கும் ஆலை. 2016 பிப்ரவரி 24 அன்று 'ஏசியா விஷன்' என்ற கப்பல் பிரேசிலுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்டது. 2019இல் ஹேக்பெரியில் கேமரன் எல்.என்.ஜி. ஆலை ஏற்றுமதியைத் தொடங்கிற்று. 2022 மார்ச்சில் கேமரன் ஊரை ஒட்டியே, ஆறு கடலைத் தொடும் இடத்தில், வென்ச்சர் குளோபல் நிறுவனத்தின் கால்கஷூ பாஸ் ஆலை. 2023இல் அமெரிக்கா உலகிலேயே அதிகமாக எல்.என்.ஜி. விற்கும் நாடாகிவிட்டது.

உள்ளே தள்ளிக் கட்டு என்ற 1900இன் பாடம் இங்கே தலைகீழாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். எல்.என்.ஜி. கப்பல்கள் பெரியவை, 40 அடி ஆழக் கால்வாயில் பல மணி நேரம் ஊர்ந்து போவது செலவு. கடலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு லாபம். பழைய துறைமுகங்கள் பயந்து விலகிய கரைக்கே புதிய ஆலைகள் திரும்பி வந்தன. இந்த முறை சுவர்களோடு.

அந்தச் சுவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்க மத்திய விதி, எல்.என்.ஜி. கட்டமைப்புகள் மணிக்கு 150 மைல் நீடித்த காற்றைத் தாங்கவேண்டும் என்கிறது. தொட்டிக்கு உள்ளே ஒன்பது சதவீத நிக்கல் கலந்த எஃகு; கிளீவ்லாந்து கற்றுக்கொடுத்தது. புதிய தொட்டிகளுக்கு வெளியே கனத்த கான்கிரீட். கருவிகளெல்லாம் உயரத்தில், கால்கஷூ பாஸ் ஆலையைச் சுற்றி வெள்ளத் தடுப்புச் சுவர்.

2020 ஆகஸ்ட் 27 நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் லாரா புயல் கேமரன் அருகே கரையேறியபோது அதன் காற்று மணிக்கு 150 மைல். விதியும் புயலும் ஒரே எண்ணைச் சொன்னது தற்செயல்தான். ஆனாலும் பதறவைக்கிற தற்செயல். தேசியப் புயல் மையம் தன் எச்சரிக்கையில், வரும் கடல்நீர் எழுச்சியில் உயிர்பிழைக்க முடியாது என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தியது. அரசு அறிக்கைகளில் அரிதாகவே வரும் சொல் அது. புயலின் கண்ணுக்குக் கிழக்கே கிரியோல், கிராண்ட் செனியர் பக்கம் தரைக்கு மேல் 12 முதல் 18 அடி நீர் நின்றது. புயல் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கிழக்கே விலகியதால் லேக் சார்ல்ஸ் நகருக்கு அஞ்சிய அளவு நீர் ஏறவில்லை. ஆலைகள் எல்லாம் மேற்குப் பக்கம் இருந்தன. சுவரின் வலிமை அன்று எவ்வளவு சோதிக்கப்பட்டது, அதிர்ஷ்டம் எவ்வளவு கைகொடுத்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. கட்டுமானத்தில் இருந்த கால்கஷூ பாஸ் ஆலையும் தப்பியது.

சபைன் பாஸும் கேமரன் எல்.என்.ஜி.யும் புயலுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட ஆலையை நிறுத்துவதும் தொடங்குவதும் அடுப்பை அணைத்துப் பற்றவைப்பது போலல்ல. குழாய்களும் குளிர்பெட்டிகளும் சூடேறிவிட்டால், மறுபடி மெல்ல மெல்ல மைனஸ் 162க்கு இறக்க வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் விரிசல் விடும். எனவே நிறுத்துகிற முடிவே பல நாள் இழப்பு. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதன்பின் வந்தது. சபைன் பாஸுக்குச் சொந்த மின் உற்பத்தி உண்டு. சில நாளில் எழுந்துவிட்டது. கேமரன் எல்.என்.ஜி. ஊர் மின்சாரத்தை நம்பியிருந்தது. லேக் சார்ல்ஸுக்குள் வரும் உயர் அழுத்த மின்பாதைகள் அனைத்தையும் லாரா முடக்கியிருந்தது. கோபுரங்கள் மடங்கி விழுந்து கிடந்தன. ஆலைக்குள் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் அது இருட்டில் இருந்தது. கால்வாயில் மணல் எங்கே குவிந்தது, என்ன மூழ்கிக் கிடக்கிறது என்று அளந்து முடிக்கும்வரை பெரிய கப்பலை உள்ளே விடவும் முடியாது. அக்டோபர் தொடக்கத்தில் ஆலை மறுபடி சரக்கேற்ற ஆரம்பித்த சில நாளில், 9ஆம் தேதி டெல்டா புயல் வந்து கிரியோல் அருகே கரையேறியது.

ஆலையில் வேலை செய்கிறவர்களின் வீடுகளைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை. லேக் சார்ல்ஸில் கூரைகள் நீலத் தார்ப்பாய்களால் மூடிக் கிடந்தன. நகரின் எல்லையில் நீச்சல்குளக் குளோரின் மாத்திரை தயாரிக்கும் ஆலை ஒன்று லாரா வந்த காலையிலேயே தீப்பிடித்து, வீட்டுக்குள்ளே இருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்று மின்சாரம் இல்லாத மக்களிடம் அறிவிக்க வேண்டியதாயிற்று. லூசியானாவில் லாரா தொடர்பான மரணங்களில் பல, கடல்நீரால் நிகழ்ந்தவையல்ல. மின்சாரம் இல்லாத வீடுகளில் ஓடிய ஜெனரேட்டர் புகையால் நிகழ்ந்தவை. அடுத்த பிப்ரவரியில் உறைபனி, மே மாதத்தில் பெருமழை. ஒன்பது மாதத்தில் நான்கு பேரிடர். அந்த ஊரில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதே ஒரு போராட்டமாகிவிட்டது.

புயல் வந்தால் யாருக்கு இழப்பு என்ற பழைய கணக்கு எப்படி மாறிப்போயிற்று என்பதை எரிவாயுவின் விலையில் பார்க்கலாம். லூசியானாவில் எராத் என்ற சிற்றூரில் பல எரிவாயுக் குழாய்கள் சந்திக்கும் ஓர் இடம் உண்டு, ஹென்றி ஹப். 1990 முதல் நியூயார்க் சந்தையில் அமெரிக்க எரிவாயுவின் விலை அந்த இடத்தின் விலைதான். 2005இல் ரீட்டாவின் நீர் அதற்குள்ளேயே புகுந்து இயக்கம் நின்றது. அதே ஆண்டு வந்த காத்ரீனா புயலும் ரீட்டாவும் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட துரப்பண மேடைகளை அழித்தன. வாயு வருவது குறைந்தது, விலை எகிறியது. அந்த அக்டோபரில் சராசரி 13 டாலரைத் தாண்டியது. அந்நாளில் புயல் என்றால் அமெரிக்க வீட்டுக்காரருக்குக் கட்டணம் ஏறும். இன்று வாயு பெரும்பாலும் கடலில் எடுக்கப்படுவதில்லை. 1997இல் நாட்டின் உற்பத்தியில் கால் பங்குக்கும் மேல் வளைகுடாக் கடலிலிருந்து வந்தது. இப்போது இரண்டு சதவீதம் போல. பென்சில்வேனியாவிலும் மேற்கு டெக்சஸிலும் பாறைக்கடியிலிருந்து வருகிற வாயுவைப் புயல் தொடாது. அது தொடுவது அந்த வாயு வெளியே போகும் வாசலை. வாசல் அடைபட்டால் உள்நாட்டில் வாயு தேங்கி விலை இறங்கும். வாங்கக் காத்திருக்கும் வெளிநாட்டில் ஏறும்.

இதன் முன்னோட்டத்தைப் புயல் இல்லாமலே ஒரு விபத்து காட்டியது. 2022 ஜூன் 8 அன்று டெக்சஸின் ஃப்ரீபோர்ட் ஆலையில் குழாய் ஒன்று வெடித்து, மறு ஆண்டு பிப்ரவரிவரை ஆலை மூடியிருந்தது. அமெரிக்க ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கு போல அதனுடையது. அமெரிக்க விலை சரிந்தது. உக்ரைன் போரால் ரஷ்யக் குழாய் வாயுவை இழந்துகொண்டிருந்த ஐரோப்பாவில் விலை ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 8 அன்று, பெரில் என்ற புயல் அந்தப் பக்கம் கரையேறியது. ஃப்ரீபோர்ட் ஆலையின் கம்ப்ரெஸர்களை ஓட்டுவது மின்மோட்டார். உள்ளூர்க் காற்று மாசைக் குறைக்கச் செய்த நல்ல ஏற்பாடு. பெரில் ஹியூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. ஆலையின் காற்றுக் குளிர்விப்பான்களும் சேதமடைந்தன. கரையேறும்போது ஆகக் குறைந்த முதல்வகையில் இருந்த புயல் ஒன்று, அதுவும் சூறாவளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே, சரக்குகளை ரத்து செய்ய வைத்தது.

கேமரன் எல்.என்.ஜி.க்கு நேர்ந்ததும் ஃப்ரீபோர்ட்டுக்கு நேர்ந்ததும் ஒன்றையே சொல்கின்றன. ஆலையைக் கட்டுகிறவர் தன் வேலிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக் கட்டலாம். அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும் வேலிக்குள் இருப்பதைத்தான் பெரும்பாலும் ஆராய்கிறார்கள். மின்கோபுரம், கால்வாயின் ஆழம், கப்பலை வழிநடத்தும் பைலட், காலை ஷிஃப்டுக்கு வரவேண்டியவரின் கூரை, இவையெல்லாம் வேறு வேறு கைகளில். காற்றுகூட வேண்டாம், குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினாலே கால்கஷூவிலும் சபைனிலும் கப்பல்கள் நின்றுவிடும்.

ஆலைகள் பெருகப் பெருக மனிதர்கள் குறைகிறார்கள். லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கில் கேமரன் பாரிஷில் 9,991 பேர் இருந்தார்கள். ரீட்டாவுக்குப் பின் 2010இல் 6,839. லாராவுக்கு முன்பே எடுக்கத் தொடங்கிய 2020 கணக்கில் 5,617. புதிய விதிப்படி வீட்டைப் பத்துப் பதினைந்து அடித் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டவேண்டும். இறால் பிடிக்கிறவரால் முடிகிற காரியமல்ல. அவர் உள்நாட்டுக்குப் போகிறார். காலியான கரைநிலம் ஆலைக்கு மலிவாகக் கிடைக்கிறது. ஆட்சேபிக்க ஆளும் குறைவு. எஞ்சிய மீனவர்களில் சிலர் ஆலைக் கப்பல்களின் அலையையும் கால்வாய்த் தூர்வாரலையும் எதிர்க்கிறார்கள். சிலர் சம்பளம் வருகிறது, வரி வருகிறது, பள்ளிக்கூடம் மறுபடி கட்ட முடிகிறது என்கிறார்கள். இரண்டும் உண்மை. கால்கஷூ பாஸுக்குப் பக்கத்திலேயே அதே நிறுவனத்தின் இரண்டாவது, இன்னும் பெரிய ஆலை எழுந்துவருகிறது.

இந்த ஆபத்தின் கணக்கு கரையோடு நிற்பதில்லை. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. ஐரோப்பிய நாடுகள் குளிர்காலத்துக்காக நிலத்தடிக் கிடங்குகளை நிரப்புவதும் அதே மாதங்களில்தான். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி, அடுத்த ஆண்டு முதல் நவம்பருக்குள் கிடங்குகள் 90 சதவீதம் நிரம்பியிருக்கவேண்டும் என்றது. ரஷ்யக் குழாயின் அரசியல் ஆபத்தை விட்டு விலகியவர்கள் அந்த இடத்தில் செப்டம்பர் மாதத்து மெக்சிகோ வளைகுடாவை வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவும் இந்தக் கணக்குக்குள் உண்டு. கெயில் நிறுவனம் 2011 டிசம்பரில் சபைன் பாஸிலிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன், இருபது ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை ஹென்றி ஹப்போடு கட்டப்பட்டது. அதன் முதல் சரக்கு 2018 மார்ச் இறுதியில் மகாராஷ்டிரத்தின் தாபோல் முனையத்துக்கு வந்தது. மார்ச் மாதமாக இருந்ததால் சரி. தாபோலில் அலைத்தடுப்புச் சுவர் முழுமையாகக் கட்டப்படாததால், பல ஆண்டுகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே எல்.என்.ஜி. கப்பல் அணைய முடியாத நிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்றும் கரையில் சூறாவளிப் பருவம், இறக்கும் கரையில் பருவக்காற்று. இந்த இடைஞ்சலும் தூரமும் சேர, கெயில் தன் அமெரிக்கச் சரக்குகளில் சிலவற்றை வேறு வாங்குபவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறிடத்து வாயுவை வேறு மாதத்தில் வாங்கிக்கொள்ளும் மாற்று ஏற்பாடுகளைச் செய்துவந்தது.